ஒரு சோறு பதமாகாத பானை

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பாட்டிமார் வகுத்த சோதனை முறை. கொதிக்கும் உலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, விரலிடையே நசுக்கிப் பார்த்து, பானை முழுவதற்கும் தீர்ப்புக் கூறிவிடுவார்கள். அத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. காரணம் எளிது. அரிசி ஓர் இனம், நீர் ஒன்று, நெருப்பும் ஒன்று. ஒரு பருக்கை வெந்தால் மற்றவையும் வெந்திருக்கும்.

ஆனால், கணிப்பொறிக்கு மனிதன் எழுதித் தரும் ஆணைத் தொடருக்கு இப்பழமொழி பொருந்தாது. அதனை நிரல் என்று இன்று வழங்குகிறோம். நிரலொன்றில் பதினாயிரம் வரிகள் இருக்கலாம். அவற்றுள் ஒன்று நீங்கலாக மற்றவையெல்லாம் பழுதற்றவையாகவும் இருக்கலாம். எஞ்சிய அந்த ஒரு வரி பல்லாண்டு உறங்கிக் கிடந்து, ஒருநாள் விழித்தெழுந்து அனைத்தையும் கவிழ்த்துவிடும். அதுமட்டுமன்று. நன்றாயிருந்த நிரலில் ஒரு வரியைத் திருத்தினால், அதற்கு வெகு தொலைவில் உள்ள வேறொரு வரி பொருள் கெடுவதும் உண்டு. ஆகவே நிரலில் மாற்றம் நேரும்போதெல்லாம் முழுவதையும் மீண்டும் சோதித்தாக வேண்டும். அச்சோதனையை மனிதனுடைய நினைவையும் ஓய்வையும் நம்பி விட்டுவிடாமல், மாற்றமே சோதனையைத் தட்டி எழுப்புமாறு செய்ய வேண்டும். இவ்வுண்மையை மனிதர் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். அக்கதையின் சில முக்கியமான கட்டங்கள் நிகழ்ந்தது திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவர்களின் கைகளில்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்குத் திருவனந்தபுரம் அந்நியமான ஊரன்று. சாலைக் கடைத்தெருவிலும் கரமனைத் தெருக்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் ஒலித்து வருகிறது. அந்நகரின் வடபால் கடற்கரையில் தும்பா என்னும் மீனவர் சிற்றூர் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு அதனருகே செல்வதால், வான்வெளியின் மேலடுக்குகளை ஆராய ஏற்ற இடமென்று டாக்டர் விக்கிரம் சாராபாய் அதனைத் தேர்ந்தார். ஊரிலிருந்த மகதலேனா மரியாள் தேவாலயம் அறிவியலாரின் அலுவலகமாயிற்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அது அமெரிக்க நாட்டில் செய்யப்பட்டது. பின்னர் நம் நாட்டின் ராக்கெட்டுகளையே வகுத்தமைக்கும் பெருநிலையமாக அவ்விடம் வளர்ந்து, சாராபாயின் மறைவுக்குப் பின் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே வகுக்கப்படும் ராக்கெட்டுகளின் திரவ எந்திரங்கள் நம் திருநெல்வேலிச் சீமையின் மகேந்திரகிரி மலையடிவாரத்தில் சோதிக்கப்படுகின்றன. ராக்கெட்டுகள் விண்ணேறுவதோ ஆந்திர நாட்டின் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து.

முதற்பாடம் 1979ஆம் ஆண்டில் கிடைத்தது. எஸ்.எல்.வி.3 என்னும் ராக்கெட்டின் திட்ட இயக்குநராக இருந்தவர் இராமேசுவரத்து மைந்தரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அதன் முதற் பறப்பு. ஏவுவதற்கு முன் ராக்கெட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தானே சோதிக்கும் பொறுப்பு ஒரு கணிப்பொறியிடம் தரப்பட்டிருந்தது. ஏவும் நேரம் மிக நெருங்கிய வேளையில் அக்கணிப்பொறி 'நிறுத்து' என்றது. கட்டுப்பாட்டு உறுப்பொன்றில் கோளாறு இருப்பதாக அது காட்டிற்று. அருகிலிருந்த வல்லுநர்கள் கணக்கிட்டுப் பார்த்து, அச்சமில்லை என்றனர். கணிப்பொறியின் தடையை விலக்கிக் கையால் ஏவுமாறு கலாம் முடிவு செய்தார். முதல் அடுக்கு நன்கு எரிந்தது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பு, அமிலக் கசிவினால் செயலற்றுப் போயிற்று. 317 விநாடிகளில் ராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது. இதனைக் கலாமே பிற்காலத்தில் மாணவர் கூட்டங்கள் பலவற்றில் மறைக்காமல் எடுத்துரைத்தார். தோல்வியன்று பத்திரிகையாளர் முன் நின்று பொறுப்பை ஏற்றவர் தலைவர் சதீஷ் தவான் என்பதையும், 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் வெற்றி கிட்டியபோது அதே தவான் கலாமை முன்னிறுத்தினார் என்பதையும் அவர் தவறாது சேர்த்துச் சொல்வார்.

அன்று நேர்ந்தது நிரலில் இருந்த பிழையன்று. குழாயில் இருந்த பிழை. ஆயினும் தானியங்கிச் சோதனையைப் பற்றிய அரிச்சுவடி அதிலேயே அடங்கியிருக்கிறது. எந்திரம் தன் கடமையைச் செய்தது. சோதனை 'இல்லை' என்று சொல்லும்போது அதனைக் கேட்கும் மனம் மனிதனுக்கு வேண்டும். பல நாள் உழைப்பும் நாடு முழுவதன் எதிர்பார்ப்பும் பின்னின்று தள்ளும் வேளையில் அம்மனம் எளிதில் வாய்ப்பதில்லை.

இரண்டாம் பாடம் 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள். பி.எஸ்.எல்.வி. என்னும் நான்கடுக்கு ராக்கெட்டின் முதற் பறப்பு அது. ஏறத்தாழ 44 மீட்டர் உயரமுள்ள அந்த ராக்கெட் அழகாக எழுந்தது. முதலடுக்கு எரிந்து பிரிந்தது. இரண்டாம் அடுக்கும் எரிந்து முடிந்தது. அது பிரியும் தறுவாயில் எதிர்பாராத பெரும் அசைவு ஒன்று ஏற்பட்டது. அத்தகைய அசைவைச் சரிசெய்யவே ராக்கெட்டினுள் கணிப்பொறி இருக்கிறது. அது ராக்கெட்டின் சாய்வை அளந்து, எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டுமென்று கணக்கிட்டு, நொடிக்குப் பல முறை கட்டளையிடும். ஆனால் ராக்கெட்டின் மூக்கை மேலும் கீழும் திருப்பும் பகுதிக்கான நிரலில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கட்டளை எண் வரையறுத்த உச்ச அளவைத் தாண்டினாலன்றி அப்பிழை வெளிப்படாது. அன்று அந்த எண் உச்சத்தைத் தாண்டியது. ராக்கெட் நிலை தடுமாறி, தான் சுமந்த செயற்கைக் கோளுடன் கடலில் வீழ்ந்தது.

எண் உச்சத்தைத் தாண்டுவது என்றால் என்ன? பழைய மோட்டார் வண்டிகளில் கடந்த தூரத்தைக் காட்டும் ஐந்திலக்கக் கருவியை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். 99,999க்குப் பின் அது 00,000 என்று காட்டும். வண்டி புதிதாகிவிட்டது என்றா பொருள்? கருவியில் இடம் போதவில்லை என்பதே பொருள். கணிப்பொறியிலும் ஒவ்வோர் எண்ணுக்கும் அளவான ஓர் அறை ஒதுக்கப்படுகிறது. அறைக்கு மிஞ்சிய எண் வந்தால், அது சிறிய எண்ணாகவோ, சில வேளை எதிர்மறை எண்ணாகவோ தோன்றக்கூடும். 'நிரம்ப வலப்புறம் திருப்பு' என்ற கட்டளை 'இடப்புறம் திருப்பு' என்று பொருள்படுமானால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏவுவதற்கு முன் சோதனை நடைபெறவில்லை என்று எவரும் நினைக்க வேண்டா. திருவனந்தபுரத்தில் ராக்கெட்டின் கணிப்பொறியையே பொய்யான ஒரு வானத்தில் பறக்கவிட்டுப் பார்ப்பது வழக்கம். உண்மையில் அது மேசைமேல் இருக்கும். ஆயின், தான் விண்ணில் பறப்பதாக நம்பும் வண்ணம் காற்று, சாய்வு, வேகம் ஆகிய அளவுகள் அதற்கு ஊட்டப்படும். ஆனால் சோதனை என்பது கேள்வி கேட்பது. கேட்ட கேள்விக்கே விடை கிடைக்கும். உச்சத்தைத் தாண்டிய எண்ணைப் பற்றிய கேள்விக்கு விடையளித்தது விண்ணில் நேர்ந்த அந்த அசைவே. பிழை கண்டறியப்பட்டது; நிரல் திருத்தப்பட்டது. 1994ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இரண்டாம் பறப்பு வெற்றி பெற்றது. பின்னர் 2008இல் சந்திரனுக்கும் 2013இல் செவ்வாய்க்கும் கலங்களை ஏற்றிச் சென்றது இதே வகை ராக்கெட்தான்.

மூன்றாம் பாடத்துக்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டும். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென்னமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 முதன்முறையாக எழுந்தது. நாற்பது விநாடிகளுக்குள் அது வெடித்துச் சிதறியது. உடன் சென்ற நான்கு அறிவியற் கோள்களும் அழிந்தன. காரணத்தை ஆராய்ந்த குழு கண்டது வியப்புக்குரியது. பிழை செய்த நிரற்பகுதி புதிதன்று. அதற்கு முந்திய ஏரியன் 4இல் பழுதின்றிப் பணியாற்றியது. நம்பிக்கைக்குரியது என்பதாலேயே அதனை அப்படியே எடுத்துப் புதிய ராக்கெட்டில் வைத்தனர். ஆனால் புதிய ராக்கெட்டின் வேகமும் பாதையும் வேறு. பக்கவாட்டு வேகத்தைக் குறித்த ஓர் எண் 32,767 என்னும் உச்சத்தைத் தாண்டியதும், திசையறி கருவி செயலிழந்தது. உதவிக்கு வைத்திருந்த மற்றொரு கருவியிலும் அதே நிரல் இருந்தமையால் அதுவும் அதே காரணத்தால் செயலிழந்திருந்தது. புதிய பாதையின் அளவுகளைக் கொண்டு பழைய நிரலை மறுபடியும் சோதித்திருந்தால், இப்பிழை தரையிலேயே புலப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஏரியனில் நிரல் மாறவில்லை; அதனைச் சூழ்ந்த உலகம் மாறிற்று. ஆகவே மாற்றம் என்பது எழுதியதைத் திருத்துவது மட்டுமன்று; எழுதியது குடியிருக்கும் வீடு மாறினாலும் மாற்றமே.

நான் அரசாங்க மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன். கலை படித்தவனேயன்றிப் பொறியியல் கற்றவனல்லன். ஆயினும் இந்நுட்பம் என் தொழிலுக்கு அயலானதன்று. ஒரு விதித் தொகுப்பின் தொடக்கத்தில் 'குடும்பம்' என்னும் சொல்லுக்கு வரையறை கூறப்பட்டிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அவ்வரையறையில் ஒரு சொல் நீக்கப்படுகிறது. அவ்வளவில் ஓய்வூதியம் பற்றிய பிற்பகுதியின் பொருளும் மாறிவிடும். கடைசிப் பக்கத்துப் படிவத்தின் ஐந்தாம் கேள்வியும் பொருளற்றுப் போகும். திருத்தியவர் கண் அப்பக்கம் செல்வதில்லை. அப்பிழையை முதலில் அறிபவர், படிவத்தை நிரப்பி அனுப்பி, அது திரும்பி வரப்பெற்ற ஒரு கைம்பெண்ணாக இருப்பார். விதியானாலும் நிரலானாலும் திருத்துபவர் ஒருவர். அதன் பயனை அனுபவிப்பவர் வேறொருவர். சோதனையின் தேவை அந்த இடைவெளியில் பிறக்கிறது.

இனி, மாற்றமே சோதனையை எழுப்பும் ஏற்பாடு எவ்வாறு தோன்றிற்று என்று காண்போம். 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்னும் அறிஞர் ஒருநாள் காலைப்பொழுது முழுவதையும் ஒரு பிழையைத் தேடிக் கழித்தார். பிழையோ முன்பே திருத்தப்பட்டுவிட்டது. திருத்திய கோப்பைக் கணிப்பொறி மொழிக்கு மாற்றும் வேலைதான் செய்யப்படாமல் விடுபட்டிருந்தது. ஆகவே பழைய நிரலே ஓடிக்கொண்டிருந்தது. அவர் தம் நண்பர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம் சென்று தம் விதியை நொந்துகொண்டார். அதன் விளைவாக 1976ஆம் ஆண்டில் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியைப் படைத்தார். எந்தக் கோப்பு எதனைச் சார்ந்தது என்று அதற்கு எழுதித் தந்துவிட்டால், எது புதிதாக மாறியிருக்கிறது என்று நேரக் குறிப்பைக் கொண்டு அறிந்து, அதனைச் சார்ந்த வேலைகளை மட்டும் மீண்டும் செய்யும். மனிதனின் நினைவுக்கு மாற்றாக எந்திரத்தின் நினைவு அமர்ந்தது.

அதே ஜான்சன் 1978ஆம் ஆண்டில் 'லிண்ட்' என்னும் மற்றொரு கருவியை அளித்தார். துணியில் ஒட்டும் பஞ்சுத் துகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. நிரலை ஓட்டிப் பாராமலே, எழுதிய முறையில் உள்ள ஐயத்துக்குரிய இடங்களை அது பொறுக்கிக் காட்டும். இது தேவைதானா என்று கேட்பவருக்குத் தமிழிலேயே விடை உண்டு. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி தந்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைத் தந்தான். ஓர் ஒற்றெழுத்துச் செய்யும் வேலை அது! 'சி' என்னும் நிரல் மொழியிலும் சமக்குறி ஒன்று இட்டால் 'இந்த மதிப்பை ஏற்றுக்கொள்' என்று பொருள். இரண்டு இட்டால் 'இரண்டும் சமமா?' என்ற கேள்வி. இதைக் கண்ணால் தேடுவது கடினம், கருவிக்கு எளிது. பலர் கூடி எழுதும் நிரலில் நடையும் ஒரு சீராக இருக்க வேண்டும். இல்லையேல் ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்கும்போது, பிழைக்கும் பழக்கத்துக்கும் வேறுபாடு தெரியாமற்போகும்.

சோதனை எழுதும் முறையைப் பரவலாக்கியது 1997ஆம் ஆண்டில் கென்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் எழுதிய 'ஜேயூனிட்' என்னும் கருவி. சூரிக் நகரிலிருந்து அட்லாண்டா நகருக்குச் சென்ற விமானப் பயணத்தில் அதன் முதல் வடிவம் எழுதப்பட்டது. அதன் வழி எளிது. ரயில் கட்டணம் கணக்கிடும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேளாவிடில் கட்டணமில்லை என்பது விதி. நிரலை எழுதுபவர், கூடவே கேள்விகளையும் விடைகளையும் எழுதி வைப்பார். வயது நான்கு: கட்டணம் இல்லை. வயது ஐந்து: கட்டணம் உண்டு. பின்னொரு நாள் மற்றொருவர் அந்நிரலைத் திருத்தும்போது, 'ஐந்துக்குக் குறைந்தால்' என்பதை அறியாமல் 'ஐந்தும் அதற்குக் குறைந்தும்' என்று மாற்றிவிட்டால், இரண்டாம் கேள்வி உடனே சிவப்பு நிறம் காட்டும். அனைத்தும் சரியாயின் பச்சை. எல்லைக் கோட்டில் நிற்கும் கேள்விகளே மிகப் பயனுடையவை. 1993இல் விண்ணில் எழுந்த கேள்வியும் எல்லைக் கோட்டுக் கேள்விதானே?

எஞ்சியது ஒன்றே: இக்கேள்விகளை யார், எப்போது கேட்பது? லினக்ஸ் இயங்கு அமைப்பில் 2005ஆம் ஆண்டு முதல், ஒரு கோப்பில் மாற்றம் நேர்ந்த கணமே அதனை அறிவிக்கும் வசதி இருந்து வருகிறது. எழுதுபவர் கோப்பைச் சேமித்தவுடன் காவலாளி போன்ற ஒரு சிறு நிரல் விழித்து, அம்மாற்றத்துக்குரிய கேள்விகளையெல்லாம் கேட்டு, நடையையும் சரிபார்த்துவிடுகிறது. இது முதற் காவல். பலர் எழுதியவை பொதுக் களஞ்சியத்தில் சேரும்போது இரண்டாம் காவல். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'குரூஸ்கண்ட்ரோல்' முதலிய கருவிகள் இக்காவலை எங்கும் பரப்பின. சேர்ந்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழு நிரலும் மீண்டும் கட்டப்பட்டு, முழுச் சோதனையும் நடைபெறும். பிழை செய்தவர் தேநீர் அருந்தி வருவதற்குள் செய்தி வந்துவிடும். பிழையைச் செய்த நினைவு மாறாதிருக்கையில் அதனைத் திருத்துவது எளிது. ஆறு மாதம் கழித்துத் திருத்துவதோ, பிறர் எழுதிய பழைய ஏட்டைப் பதம் பிரிப்பது போன்றது.

மீண்டும் திருவனந்தபுரத்துக்கு வருவோம். 1990ஆம் ஆண்டில் அங்கே டெக்னோபார்க் தொடங்கப்பட்டது. நிரல் எழுதுவது அந்நகரில் ஆயிரக்கணக்கானோரின் தொழிலாயிற்று. 2001ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்நகரிலேயே தொடங்கி வைக்கப்பட்டது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்னும் கொள்கை கேரளத்தில் ஆழ வேரூன்றியது. இக்கொள்கைக்குத் தானியங்கிச் சோதனை உயிர்நாடியாகும். முகமறியாத எவரும் திருத்தம் அனுப்பலாம் என்றால், அத்திருத்தம் எதனைக் கெடுத்தது என்று சொல்ல ஓய்வறியாத காவலாளி வேண்டும் அன்றோ?

இதற்கு மலையாள எழுத்தே நல்ல சான்று. அம்மொழியில் கூட்டெழுத்துகள் மிகுதி. தட்டச்சுப் பொறியின் வசதிக்காக 1971ஆம் ஆண்டில் அரசாங்கம் அவற்றைப் பெரிதும் குறைத்தது. கணிப்பொறி வந்தபின் பழைய அழகிய வடிவங்களை மீட்க ஆர்வலர்கள் முனைந்தனர். 'சுதந்திர மலையாளக் கணிமை' என்னும் தன்னார்வக் குழுவினர் பேணும் எழுத்துருக்களுள் 2016இல் வெளிவந்த மஞ்சரியும் ஒன்று. இவ்வகை எழுத்துருவில் எந்த எழுத்தோடு எது சேர்ந்தால் எவ்வடிவம் தோன்ற வேண்டும் என்பதற்குப் பல விதிகள் உண்டு. ஒரு கூட்டெழுத்தைச் சீர்படுத்த ஒரு விதியை மாற்றினால், வேறொரு சொல்லின் உருவம் சிதையலாம். ஆகவே மூலக் கோப்பில் திருத்தம் சேரும்போது எழுத்துரு தானாகவே மீண்டும் உருவாகிச் சரிபார்க்கப்படும் ஏற்பாட்டை அவர்கள் கைக்கொண்டனர். ராக்கெட்டுக்கு வேண்டிய ஒழுக்கமே எழுத்துக்கும் வேண்டியதாயிற்று.

இவ்வேற்பாட்டுக்கு எல்லை இல்லாமலில்லை. சோதனையால் பிழை உண்டென்று காட்ட முடியுமேயன்றி, பிழையே இல்லையென்று நிறுவ முடியாது என்பது டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ராவின் புகழ்பெற்ற கருத்து. பச்சை நிறம் 'கேட்ட கேள்விகளுக்கு விடை சரி' என்றே பொருள்படும். 'கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டாயிற்று' என்று பொருள்படாது. அற்பமான நடைக்குற்றங்களுக்கெல்லாம் சிவப்புக் காட்டினால், மக்கள் அந்நிறத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவர். அவசரமென்று காவலாளியை உறங்கவைத்துத் திருத்தத்தை உள்ளே விடுவோரும் உண்டு. 1979ஆம் ஆண்டின் பாடம் எந்தக் காலத்துக்கும் உரியது.

ஆயினும் இம்முறையில் போற்றத்தக்க ஒரு வழக்கம் உண்டு. பிழையொன்று கண்டறியப்பட்டால் அதனைத் திருத்துவதோடு நில்லாமல், அப்பிழையையே ஒரு கேள்வியாக எழுதிச் சோதனையில் நிலையாகச் சேர்த்துவிடுவர். நம் முன்னோர் வீரன் வீழ்ந்த இடத்தில் நடுகல் நாட்டியது போல, நிரல் வீழ்ந்த இடத்தில் ஒரு கேள்வி நாட்டப்படுகிறது. எழுதியவர் பணி மாறிச் சென்றாலும், ஓய்வு பெற்றாலும், அக்கேள்வி அங்கேயே நின்று, அவ்வழியே வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் மறித்து விசாரிக்கும்.

வெளி மாநிலத்தில் வாழும் நேயர்கள் ஊர் செல்லப் பதிவு செய்யும் ரயில் சீட்டும், மாதந்தோறும் பெற்றோருக்கு அனுப்பும் பணமும், முதியோரின் ஓய்வூதியக் கணக்கும் இன்று நிரல்களின் வழியே நடைபெறுகின்றன. அந்நிரல்களில் நேற்றிரவு யாரோ ஒரு வரியைத் திருத்தியிருக்கக் கூடும். அவர் யார் என்பதை நாம் அறியோம். அவரும் நம்மை அறியார். அவர் கோப்பைச் சேமித்த கணத்தில் யாரும் ஏவாமலே எழுந்து கேள்வி கேட்ட காவலாளி ஒருவன் இருந்தால், நம் பெற்றோருக்கு அனுப்பிய பணம் தவறாமல் போய்ச் சேரும். அக்காவலாளிக்கு நல்ல கேள்விகளை எழுதிக் கொடுப்பதும், அவன் 'நிறுத்து' என்றால் நிற்பதும் மனிதர் கடமை.